யாருமற்ற பூமியாம்!

யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலத்தை நம் கிராமங்களில் புறம்போக்கு என்கிறோம். ஓடைப் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு என்று அடங்கலில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் எழுதியிருக்கும். பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் ஒரு கண்டத்தையே புறம்போக்கு என்று எழுதியது! நம் இந்தியாவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பரப்புள்ள ஆஸ்திரேலியா முழுவதும் யாருக்கும் சொந்தமில்லாத பூமி, கொடி நட்டவனுக்கே அது உடைமை என்று சாதித்தது. அந்தப் பொய்யைச் சட்டமாக்கி 200 ஆண்டுகளுக்கு மேல் அதன் மீது கோட்டை கட்டி வாழ்ந்தது.

அந்தப் பூமி காலியாகவா கிடந்தது? 50,000 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மக்கள் வாழ்ந்து வருகிறார்கள். 250-க்கும் அதிகமான மொழிகள் அங்கே பேசப்பட்டன. எந்தக் கூட்டத்தாரின் எல்லை எங்கே முடிகிறது, எந்த நீர்நிலை யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியும். பருவம் பார்த்துத் தீயிட்டுப் புல்வெளிகளைப் பேணினார்கள். விக்டோரியாவில் புட்ஜ் பிம் என்னுமிடத்தில் கல்லால் வாய்க்கால் வெட்டி, மடை கட்டி, விலாங்கு மீன் பிடித்தார்கள். அந்த வேலைப்பாடு 6,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. உழவில்லை, வேலியில்லை, பத்திரமில்லை, ஆகவே நிலம் அவர்களுடையதில்லை என்றான் வெள்ளைக்காரன். பத்திரம் எழுதும் பேனா எவன் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதே நியாயம் என்ற கதைதான் இது. நமக்கு இது புதிய கதையா?

ஒரு முழம் துணியும் ஒரு கண்டமும்

1788 ஜனவரி 26-ந் தேதி, 11 கப்பல்களில் கேப்டன் ஆர்தர் பிலிப் இன்றைய சிட்னியில் வந்திறங்கினார். கப்பல்களில் 700-க்கு மேற்பட்ட கைதிகள் இருந்தனர். யார் அந்தக் கைதிகள்? அவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் ஏழை எளியவர்கள். பசிக்கு உணவும் உடுக்கத் துணியும் திருடியதற்காக நாடு கடத்தப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். ஒரு முழம் துணி திருடியவன் கைதி. ஒரு கண்டத்தைத் திருடியவன் கவர்னர்!

1835-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஜான் பேட்மன் என்ற வெள்ளையர், இன்று மெல்போர்ன் நகரம் இருக்கும் பகுதியில் கூலின் மக்களிடம் போர்வையும் கோடரியும் கத்தியும் மாவும் கொடுத்து, லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்தை 'வாங்கி' ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். அதுவும் ஏமாற்று வேலைதான். ஆனால் கவர்னர் போர்க் அதைக்கூட அனுமதிக்கவில்லை. ஒப்பந்தம் செல்லாது என்று பிரகடனம் செய்தார். ஏமாற்றி வாங்கியதற்காகவா? இல்லை! நிலம் பிரிட்டிஷ் மன்னருக்குச் சொந்தம், விற்பதற்குப் பூர்வகுடிகளுக்கு நிலமே கிடையாது என்பதற்காக. வாங்குவதாகப் பாசாங்கு செய்தால்கூட, விற்றவன் உடைமையாளன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

1889-ல் லண்டன் பிரிவி கவுன்சில் இதற்குத் தீர்ப்பு முத்திரையும் குத்தியது. நிலையான குடிகள் இல்லாமல் கிடந்த பிரதேசத்தில் பிரிட்டிஷார் சமாதானமாகக் குடியேறினார்கள் என்றது அந்தத் தீர்ப்பு. சமாதானமாக! அந்தச் சமாதானம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

துப்பாக்கி முனையில் சமாதானம்

வெள்ளையருக்கு அந்த நிலம் எதற்கு? ஆடு மேய்ப்பதற்கு. யார்க்ஷயர் கம்பளி ஆலைகளுக்கு மலிவான கம்பளி வேண்டியிருந்தது. இங்கே மில்லில் தறி ஓட்டும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஆலையில் பெண்களையும் குழந்தைகளையும் பிழிந்தெடுத்த அதே முதலாளித்துவம்தான், அந்த ஆலைக்குக் கச்சாப்பொருள் தேடி ஆஸ்திரேலியாவின் புல்வெளிகளில் மனிதர்களை வேட்டையாடியது. ஆடுகள் முன்னே போயின, துப்பாக்கி கூடவே போயிற்று. நீர்நிலைகள் பறிபோயின. பெரியம்மை போன்ற புதிய நோய்கள் கூட்டம் கூட்டமாக மக்களை வாரிக்கொண்டு போயின.

1838 ஜூன் மாதம் நியூ சவுத் வேல்ஸில் மயால் க்ரீக் என்ற பண்ணையில், எந்தக் குற்றமும் செய்யாத 28 பூர்வகுடி மக்களைக் கயிற்றில் பிணைத்து இழுத்துச் சென்று கொன்று எரித்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கொலையாளிகளில் 11 பேர் கூண்டில் நிறுத்தப்பட்டனர். அவர்களுக்காக வாதாட நிலப்பிரபுக்கள் பணம் திரட்டினார்கள்! முதல் விசாரணையில் 11 பேரும் விடுதலை. மறுவிசாரணையில் 7 பேருக்குத் தூக்கு. பூர்வகுடிகளைக் கொன்றதற்காக வெள்ளையருக்குத் தண்டனை கிடைத்தது அபூர்வத்திலும் அபூர்வம். அதற்குப் பிறகும் கொலைகள் நிற்கவில்லை.

இது 19-ம் நூற்றாண்டுக் கதை மட்டுமல்ல. 1928-ல் வட பிரதேசத்தில் கானிஸ்டன் என்ற இடத்தில் ஒரு வெள்ளை வேட்டைக்காரர் கொல்லப்பட்டார். அதற்குப் பழி வாங்கப் புறப்பட்ட போலீஸ் படை வாரக்கணக்கில் சுட்டுத் தள்ளியது. சர்க்கார் கணக்கிலேயே செத்தவர்கள் 31 பேர். விசாரணை நடத்தினார்கள். அத்தனையும் தற்காப்புக்காகச் சுட்டது என்று முடிவு சொல்லிவிட்டார்கள்!

சம்பளம் என்றால் மாவும் தேயிலையும்

நிலம் பறிபோனவன் எங்கே போவான்? பறித்தவனிடமே கூலிக்குப் போவான். நம் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாத்தாவின் நிலத்தில் பேரன் பண்ணையாள் ஆவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் மேற்கிலும் இதுவே நடந்தது. ஆயிரக்கணக்கான சதுர மைல் பரப்புள்ள மாட்டுப் பண்ணைகளில் மாடு ஓட்டியதும், வேலி போட்டதும், கிணறு தோண்டியதும், பங்களாவில் சமைத்துத் துணி துவைத்ததும் பூர்வகுடிகள்தான். அவர்களுக்குக் கூலி? மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை, கொஞ்சம் மாட்டிறைச்சி. இந்தப் படியளப்புக்குப் பெயர் சம்பளம். வெள்ளை மாட்டுக்காரனுக்கு மட்டும் ரொக்கம்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, இவர்களைக் 'காப்பாற்ற'ச் சட்டங்களும் வந்தன. விக்டோரியாவில் 1869-ல், குவீன்ஸ்லாந்தில் 1897-ல், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905-ல், நியூ சவுத் வேல்ஸில் 1909-ல். எல்லாவற்றுக்கும் பெயர் 'பாதுகாப்பு'. எங்கே குடியிருப்பது, எவரிடம் வேலை செய்வது, யாரை மணப்பது என்று எல்லாவற்றிலும் அதிகாரிகள் தலையிட்டார்கள். குவீன்ஸ்லாந்தில் கூலியை அதிகாரியே வாங்கிச் சர்க்கார் கணக்கில் போட்டுக்கொண்டார். உழைத்தவன் தன் காசிலிருந்து ஒரு சட்டை வாங்கவும் அவரிடம் கையேந்தி நின்றான். அந்தப் பணத்தைச் சர்க்கார் தன் செலவுகளுக்கு எடுத்துக்கொண்டது.

குழந்தைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. 1910 முதல் 1970 வரை, வெள்ளையரைப் போல் வளர்க்கிறோம் என்று சொல்லி, தாயின் மடியிலிருந்து குழந்தைகளைப் பிடுங்கி விடுதிகளிலும் மிஷன்களிலும் அடைத்தார்கள். என்ன கற்றுக்கொடுத்தார்கள்? பெண் பிள்ளைக்கு வீட்டு வேலை, ஆண் பிள்ளைக்குப் பண்ணை வேலை! பாசமா இது? கூலியாள் தயாரிப்பு!

1901-ல் ஆஸ்திரேலியா தனி அரசமைப்புடன் நாடாயிற்று. ஜனத்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அந்த அரசமைப்பின் 127-வது பிரிவு சொன்னது. ஆடுகளுக்குக் கணக்கு இருந்தது, மனிதர்களுக்கு இல்லை.

மே தினத்தில் தொடங்கிய போர்

இங்கேதான் நாம் ஒரு பித்தலாட்டத்தை உடைக்க வேண்டும். 'அது இருண்ட காலம், பிறகு வெள்ளையரின் மனம் மாறியது, உரிமைகளைக் கொடுத்தார்கள்' என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன. கொடுத்தார்களாம்! கொடுத்தவன் எவன்? வாங்கியவன் எப்படி வாங்கினான்?

1938 ஜனவரி 26-ல், வெள்ளையர் வந்திறங்கிய 150-வது ஆண்டு விழாவைச் சிட்னி கொண்டாடியபோது, வில்லியம் ஃபெர்குசன், ஜாக் பேட்டன், வில்லியம் கூப்பர் ஆகிய பூர்வகுடித் தலைவர்கள் அதே நகரில் துக்க தினம் கூட்டினார்கள். ஃபெர்குசன் ஆட்டு ரோமம் கத்தரித்த தொழிலாளி, தொழிற்சங்கத்தில் பழகியவர்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்ற பகுதி. 1942-ல் பல மொழி பேசும் பூர்வகுடிகளின் பிரதிநிதிகள் அங்கே கூடிப் பேசினார்கள். யுத்தம் முடியட்டும், பிறகு எல்லாப் பண்ணைகளிலும் ஒரே நாளில் வேலையை நிறுத்துவோம் என்று முடிவு செய்தார்கள். நாள் குறித்தார்கள். எந்த நாள்? 1946 மே 1! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி ஒரே நாளில் எழுந்தார்கள்? டூலி பின் பின் என்ற தோழர், நாட்களைக் கோடு போட்டு அடித்துக் கழிக்கும் காகித நாட்காட்டிகளைப் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைய தினம் சுமார் 800 பேர் வேலையை விட்டு வெளியேறினர். டூலியும், கிளான்சி மக்கென்னாவும், அவர்களுக்குத் துணை நின்ற வெள்ளையர் டான் மக்லியோடும் கைது செய்யப்பட்டார்கள். போலீஸ் மிரட்டியது, பண்ணையார்கள் பட்டினி போட்டார்கள். தொழிலாளிகள் அசையவில்லை. வேட்டையாடித் தின்றார்கள், தகரத்தாதுவைச் சலித்து விற்று வயிறு வளர்த்தார்கள். மூன்று ஆண்டுகள்! 1949-ல் கப்பல் தொழிலாளர் சங்கம், பில்பராவின் கம்பளி மூட்டைகளை ஏற்ற மாட்டோம் என்று தடை விதித்தது. அப்போதுதான் பண்ணையாருக்குக் காது கேட்டது. பலருக்குக் கூலி உயர்ந்தது. வேறு பலர், இனி எந்தப் பண்ணையாரிடமும் போகமாட்டோம் என்று கூட்டாகத் தாது வெட்டிப் பிழைத்தார்கள்.

வெஸ்டி பிரபுவும் வின்சென்ட் லிங்கியாரியும்

வட பிரதேசத்தில் வேவ் ஹில் என்ற மாட்டுப் பண்ணை. நிலம் குரிஞ்ஜி மக்களுடையது. 1914 முதல் குத்தகை இங்கிலாந்தின் வெஸ்டி கம்பெனியிடம். மாடு மேயும் நிலமும், கறியை ஏற்றிச் செல்லும் கப்பலும், குளிர்சாதனக் கிடங்கும், லண்டனில் கறி விற்கும் கடையும் எல்லாம் இந்த ஒரே குடும்பத்தினுடையது. யுத்த காலத்தில் வருமான வரி கட்ட மனமில்லாமல் 1915-ல் இங்கிலாந்தை விட்டே அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்த வெஸ்டி சகோதரர்களில் ஒருவருக்கு 1922-ல் பிரபு பட்டம் கிடைத்தது!

இந்தப் பிரபுவின் பண்ணைகளில் தொழிலாளி எப்படி வாழ்ந்தான்? 1944-46-ல் கம்பெனிக்காகவே ஆய்வு நடத்திய பெர்ன்ட் தம்பதியர் எழுதிவைத்தார்கள்: 12 வயதுக்குட்பட்ட குழந்தைகள் வேலை செய்கிறார்கள், உணவு போதவில்லை, இருக்க வீடில்லை, குடிக்க நல்ல தண்ணீரில்லை, பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பில்லை. அறிக்கை வந்தது. நிலைமை மாறவில்லை.

தொழிற்சங்கம் சம கூலி கேட்டு மத்தியஸ்த கமிஷனுக்குப் போயிற்று. 1966 மார்ச் மாதம் கமிஷன், கோரிக்கை நியாயம் என்றது. ஆனால் 1968 டிசம்பர் வரை பொறுங்கள் என்றது! பண்ணையார்களுக்குக் கஷ்டம் வரக்கூடாதாம். 80 ஆண்டு ஓசியில் உழைப்பை உறிஞ்சியவனுக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் அவகாசம். பட்டினி கிடப்பவன் காத்திருக்க வேண்டும்!

குரிஞ்ஜி மக்கள் காத்திருக்கவில்லை. 1966 ஆகஸ்ட் 23-ல் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் சுமார் 200 பேர், பெண்டு பிள்ளைகளோடு, மூட்டை முடிச்சோடு, பண்ணையை விட்டு நடந்தார்கள். சங்க அமைப்பாளர் டெக்ஸ்டர் டேனியல்ஸ் என்ற பூர்வகுடித் தோழர் அவர்களோடு நின்றார். டார்வின் துறைமுகத் தொழிலாளி பிரையன் மானிங் தம் லாரியில் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி உணவு கொண்டு சேர்த்தார். கம்யூனிஸ்ட் எழுத்தாளர் ஃபிராங்க் ஹார்டி அங்கேயே தங்கி அவர்கள் கதையை உலகுக்குச் சொன்னார். லிங்கியாரி நகரங்களுக்குப் போய்த் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். சங்கங்கள் வசூல் செய்து அனுப்பின.

கூலிப் போராட்டம் என்றுதான் வெளியில் நினைத்தார்கள். கூலி தருகிறோம், திரும்பி வாருங்கள் என்ற பேச்சும் வந்தது. ஆனால் 1967-ல் அந்த மக்கள் வாட்டி ஓடைக்கரைக்குக் குடிபெயர்ந்து, இது எங்கள் பூமி என்று பலகை நட்டார்கள். கூலியைத் திருடியது எவன்? நிலத்தைத் திருடியவன்! முதல் களவு இருக்கும்வரை இரண்டாம் களவு நிற்காது. இதை ஆராய்ச்சியாளர்கள் சொல்வதற்கு முன்பே மாடு மேய்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். கவர்னர் ஜெனரலுக்கு மனுச் செய்தார்கள். நிராகரிக்கப்பட்டது. ஆனால் அவர்கள் நகரவில்லை.

9 ஆண்டுகள்! 1975 ஆகஸ்ட் 16-ல் பிரதமர் கஃப் விட்லம் அந்த இடத்துக்கே வந்து, ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டி, ஒரு பகுதி நிலத்தை ஒப்படைத்தார். அதுவும் குத்தகையாகத்தான். 1976-ல் வட பிரதேச நில உரிமைச் சட்டம் வந்தது. முழு உரிமைப் பத்திரம் 1986-ல் கிடைத்தது. படம் பிடித்தவர்கள் பிரதமரின் கையைப் படம் பிடித்தார்கள். நாம் பார்ப்பது கீழே நீட்டியிருந்த கையை. 9 ஆண்டு அசையாமல் நின்றதால்தான் அந்தக் கையில் மண் விழுந்தது.

வெள்ளைத் தொழிலாளி எந்தப் பக்கம்?

உண்மையை மறைக்க வேண்டியதில்லை. 1901-ல் வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுத்து 'வெள்ளை ஆஸ்திரேலியா' சட்டம் வந்தபோது, அங்கிருந்த தொழிற்சங்கங்களும் தொழிற்கட்சியும் அதை ஆதரித்தன. கறுப்பன் வந்தால் கூலி குறையும் என்று பயம் காட்டினார்கள். கூலியைக் குறைத்தவன் கறுப்புத் தொழிலாளியா, அவனுக்குக் குறைந்த கூலி கொடுத்த முதலாளியா? நிறத்தைக் காட்டி ஒருவனை ஒருவன் மேல் ஏவிவிட்டு, இருவர் பையிலும் கை விட்டவன் முதலாளி. நம் ஊரில் சாதியைக் காட்டி எதைச் செய்கிறார்களோ, அங்கே நிறத்தைக் காட்டி அதைச் செய்தார்கள். கம்பளி மூட்டையைத் தொட மறுத்த கப்பல் தொழிலாளியும், லாரியில் அரிசி பருப்பு போல மாவும் தேயிலையும் ஏற்றிச் சென்ற துறைமுகத் தொழிலாளியும் அந்தச் சூழ்ச்சியை முறித்துக் காட்டினார்கள். அதனால்தான் அவர்கள் பெயர் நிற்கிறது.

கணக்குத் தீர்ந்துவிட்டதா?

1967-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்து 127-வது பிரிவு நீக்கப்பட்டது. 1992 ஜூன் 3-ல், மெர் தீவைச் சேர்ந்த எட்டி மாபோவும் அவர் ஊராரும் தொடுத்த வழக்கில், 'யாருமற்ற பூமி' என்பது பொய் என்று ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. தீர்ப்புக்குச் சில மாதம் முன்பு மாபோ இறந்துவிட்டார். 2008-ல் பிடுங்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2019-ல் திருடிய கூலிக்காக 190 மில்லியன் டாலர் தரக் குவீன்ஸ்லாந்து சர்க்கார் சம்மதித்தது. அதற்குள் உழைத்தவர்களில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

'பிறகென்ன, எல்லாம் சரியாகிவிட்டதே!' என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: என்ன சரியாயிற்று?

தனியாருக்குப் பட்டா கொடுத்துவிட்ட நிலத்தில் பூர்வகுடி உரிமை அற்றுப்போயிற்று என்று அதே மாபோ தீர்ப்பு சொல்கிறது. அதாவது, திருடிய பொருளைத் திருடன் மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால் கணக்கு முடிந்தது! மிஞ்சிய நிலத்தில் சுரங்கக் கம்பெனி வந்தால் 1993-ம் ஆண்டுச் சட்டப்படி பூர்வகுடிகளுக்குப் பேசும் உரிமை உண்டு. தடுக்கும் உரிமை இல்லை.

இதன் பலனை அதே பில்பராவில் பார்க்கலாம். 2020 மே மாதம் ஜூகன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த குகைகளை, இரும்புத் தாதுக்காக ரியோ டின்டோ கம்பெனி வெடி வைத்துத் தகர்த்தது. அந்நிலத்துக்குரிய மக்கள் வேண்டாம் வேண்டாம் என்று கதறியும் கேட்கவில்லை. சட்டத்தை மீறியா செய்தார்கள்? இல்லை, சர்க்காரின் அனுமதிச் சீட்டு வாங்கிச் செய்தார்கள்! அன்று கம்பளிக்காக நிலம்; பிறகு மாட்டுக்கறிக்காக நிலம்; இன்று இரும்புக்காக நிலம். சரக்கு மாறியது, பறிப்பு மாறவில்லை.

இன்று ஆஸ்திரேலிய மக்களில் பூர்வகுடிகள் 100-க்கு 4 பேர்கூட இல்லை. சிறைகளிலோ மூன்றில் ஒருவர் பூர்வகுடி! காவலில் நேர்ந்த 99 சாவுகளை விசாரித்த ராயல் கமிஷன் 1991-ல் 339 பரிந்துரைகள் செய்தது. அதற்குப் பிறகு 500-க்கும் மேற்பட்ட பூர்வகுடிகள் காவலில் செத்திருக்கிறார்கள்.

2023 அக்டோபர் 14-ல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பூர்வகுடிகளுக்கென்று ஒரு சபை. அது சட்டம் செய்யாது, நிலம் கொடுக்காது. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை மட்டும் சொல்லும். அதைக்கூட 100-க்கு 60 பேர் நிராகரித்தார்கள். ஆறு மாநிலங்களிலும் தோல்வி. காரணம் என்ன சொன்னார்கள்? 'எல்லோரும் சமம், ஒரு சாராருக்குத் தனிச் சலுகை எதற்கு?' என்றார்கள். நிலத்தை எடுக்கும்போது சமம் இல்லை, கூலி கொடுக்கும்போது சமம் இல்லை, ஜனத்தொகையை எண்ணும்போது சமம் இல்லை. திருப்பிக் கொடுக்கும் பேச்சு வந்தவுடன் எல்லோரும் சமம்! இந்தச் 'சமத்துவ'த்தை நம் ஊரிலும் கேட்டிருக்கிறோம். பந்தியில் உட்கார விடாதவன், பாத்திரம் கழுவும்போது எல்லோரும் ஒன்று என்பான்.

எங்கோ கடலுக்கு அப்பால் நடப்பது நமக்கெதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுத்தறியாத மாட்டுக்காரர்கள் கோடு கிழித்த காகிதத்தை வைத்துக்கொண்டு மே தினத்தில் எழுந்தார்கள். 200 பேர் ஒரு பிரபுவின் சாம்ராஜ்யத்தை 9 ஆண்டு எதிர்த்து நின்று மண்ணை மீட்டார்கள். சட்டம் அவர்களுக்குப் பிறகுதான் வந்தது. தீர்ப்பும் பிறகுதான் வந்தது. மன்னிப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. வேலையை நிறுத்திய கை முதலில் வந்தது.

ஆகவே, மன்னிப்புக் கேட்டாயிற்று, மறந்துவிடுங்கள் என்று சொல்பவர்களுக்கு நம் பதில் இதுதான்: மன்னிப்பு வாயில் இருக்கிறது, நிலம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. உழைத்தவனுக்குக் கூலி பாக்கி, பூமிக்குரியவனுக்குப் பூமி பாக்கி. அந்தப் பாக்கி தீரும்வரை பில்பராவின் மே தினமும் வேவ் ஹில்லின் நடையும் முடியவில்லை. உழைக்கும் மக்கள் யாவரும் அந்த மக்களின் பக்கம் நிற்போம்!